தார் ஜீப்புக்கு டயர்

நாலு டயரும் மொட்டையாகப் போகுது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டனாவது இருக்கணும், அதை நெருங்கியாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்தணும்.

கடைக்காரத் தம்பி முதல்ல காட்டினது மட் டெரெயின். டிராக்டர் டயர் மாதிரி கம்பீரம். ஆனா நான் ஓட்டுற நூறு கிலோமீட்டர்ல தொண்ணூத்தஞ்சு தார் ரோடு: சந்தை, உரக்கடை, பள்ளிக்கூடம். அந்தப் பெரிய பட்டன் ரோட்டுல ஊளையிடும், டீசல் குடிக்கும், ஈரத்துல பிரேக் அடிச்சா தள்ளிப்போய்த்தான் நிக்கும்.

மிச்ச அஞ்சு கிலோமீட்டர்தான் சிக்கல். கரிசல் நனைஞ்சா மண்ணு பட்டன் இடுக்கெல்லாம் அப்பிடும். ஆல் டெரெயினும் அங்கே திணறும்தான். ஆனா சாதா ரோட்டு டயர் நின்னுபோற இடத்தைத் தாண்டி இன்னும் அம்பது அடி போகும். வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல அந்தத் தடம்தான். ராத்திரியில அம்மாவுக்கு மூச்சு இழுத்தா அந்த அம்பது அடிதான் கணக்கு.

அதனால ஆல் டெரெயின்தான், பழைய அளவு 235/70 ஆர்16லயே. நாலையும் சேர்த்துத்தான் மாத்துறேன். ரெண்டு புதுசு, ரெண்டு பழசுன்னா சுற்றளவு வேறாகி, ஃபோர் வீல் போடுறப்ப கியருக்குக் கேடு.

வாங்குறவங்க டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு நம்பரைப் பாருங்க. 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. தம்பி எடுத்துட்டு வந்தது ரெண்டு வருஷப் பழசு. வேணாம்னுட்டேன். புதுசு வர வியாழக்கிழமை ஆகுமாம்.