மீன் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

1/ வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்கீங்களா? இல்ல, பிள்ளைங்க அடம்பிடிச்சு இந்த லீவுக்கு வாங்கப் போறீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இந்தத் தொடரைப் படிச்சிடுங்க. கேள்வி ஒண்ணுதான்: ஒரு தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

2/ கடையில் கேட்டால், "இன்னும் ரெண்டு எண்ணம் போடலாம், எடம் கெடக்கே" என்பார்கள். வாஸ்து பார்ப்பவரைக் கேட்டால் எட்டு தங்க மீன், ஒரு கறுப்பு மீன், ஆக ஒன்பது என்பார். தொட்டி ஒரு அடியா நாலு அடியா என்று கேட்க மாட்டார். இணையத்தில் தேடினால் ஒரு கேலனுக்கு ஒரு அங்குல மீன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டருக்கு ஒரு அங்குலம் என்று வரும்.

3/ நான் கால்நடை மருத்துவர் இல்லை, மனுஷங்களைப் பார்க்கிற டாக்டர். ஆனா இந்தக் கணக்கு மூச்சு, ரத்தம், கழிவு சம்பந்தப்பட்டது. அது எங்க பாடம்தான். அதனால தைரியமா எழுதுறேன்.

4/ முதல்ல மூச்சு. நாம் இழுக்கிற ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் காற்றிலிருந்து கரையக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக அது இன்னும் குறையும், மீனின் தேவையோ கூடும். தொட்டியில் எடம் நிறைய கெடக்கும். ஆக்சிஜன் கெடக்காது.

5/ அடுத்தது கழிவு. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் அமோனியாவை நம் கல்லீரல் யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. கல்லீரல் பழுதானவர்கள் பிதற்றலும் மயக்கமுமாக வார்டுக்கு வருவதற்கு, ரத்தத்தில் ஏறிய அமோனியா ஒரு முக்கியக் காரணம். மீன்கள் பெரும்பாலும் அமோனியாவை அப்படியே செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகின்றன. ஆற்றில் அது கலைந்து போய்விடும். தொட்டியில் அதே தண்ணீரைத்தான் திரும்பவும் செவுளுக்குள் இழுக்க வேண்டும்.

6/ தொட்டிக்கும் ஒரு கல்லீரல் உண்டு. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வளரும் பாக்டீரியாக்கள்தான் அது. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். இவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீனை விட்டால், கல்லீரல் இல்லாத உடம்புக்கு விருந்து வைத்த கதைதான்.

7/ நடுவில் வருகிற நைட்ரைட்டும் பொல்லாதது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபின் ஆக்கிவிடும். அது ஆக்சிஜனைச் சுமக்காது. மீனின் ரத்தம் பழுப்பாகும். கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதில் ஒரு வகைக்கும் காரணம் இதுதான். இவ்வளவும் நடக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவா இருக்கலாம். பார்வைக்குத் தெரியாது.

8/ சரி, அந்த அங்குலக் கணக்கு? குழந்தைக்கு மருந்தை உயரம் பார்த்தா கொடுக்கிறோம்? பெரும்பாலும் எடை பார்த்துத்தானே. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஒரு அங்குல மீன் பத்தும், பத்து அங்குல ஆஸ்கார் மீன் ஒன்றும் ஒன்றல்ல. அந்த ஒரு ஆஸ்காரின் எடை, பத்து குட்டி மீன்களின் மொத்த எடையைப்போல நூறு மடங்கு வரும்.

9/ கடையில் நாம் பார்ப்பது பிள்ளைப் பருவம் என்பதையும் மறந்துவிடுகிறோம். விரல் நீள கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் தாண்டும். பாசி தின்னும் என்று சொல்லித் தரும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் போகும். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 43 வருடம் வாழ்ந்து 1999இல் இறந்தது. நம் வீடுகளில் ஆறே மாதத்தில் செத்துப்போனால், "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம்.

10/ 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த நாள் மறக்காது. ரப்பர் மரங்கள் வரிசையா சாஞ்சு கெடந்துச்சு. போஸ்ட்டுகள் ஒடிஞ்சு பல ஊர்கள்ல நாள் கணக்குல கரண்ட் இல்ல. பக்கத்து வீட்டுத் தொட்டியில இருபதுக்கு மேல மீன். மோட்டார் நின்ன முதல் ராத்திரியே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. விடியும்போது ஒண்ணு ரெண்டு தவிர மிச்சம் எல்லாம் மிதந்துச்சு.

11/ அந்த வீட்டுப் பையன் அழுதுட்டே என்கிட்ட கேட்டான்: "மாமா, கரண்ட் இல்லன்னா மீன் சாவுமா? ஆத்துல கரண்டு இல்லியே?" கோதையாறு ஓடுகிற ஊரில் பிறந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்! நான் படித்த எல்லாக் கணக்கையும்விட நல்ல கணக்கு அந்தக் கேள்வியில் இருந்தது.

12/ மோட்டார் ஓடினால்தான் உயிர் என்றால் அந்தத் தொட்டி ஐசியூ. அதில் கிடப்பவை வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகள். ஒரு ராத்திரி கரண்ட் போனாலும் மூச்சுத் திணறாமல் இருக்கும் எண்ணிக்கைதான் சரியான எண்ணிக்கை. ஃபில்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நம்பி மீனைக் கூட்டக் கூடாது.

13/ கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம்: சுமார் 57 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் மிஞ்சும். இதில் நியான் டெட்ரா போன்ற சின்ன மீன் எட்டு, பத்து போதும். கப்பி என்றால் ஆண் மீன் மட்டும் ஆறேழு. பெண்ணையும் சேர்த்தால் மாதம் ஒரு பிரசவம்! கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி ஒன்றுக்கே போதாது. உயரமான தொட்டியைவிட அகலமானது நல்லது. காற்று உள்ளே இறங்குவது மேல்பரப்பு வழியாகத்தான்.

14/ "ஃபைட்டர் சின்ன பாட்டில்லயே இருக்கே டாக்டரே?" அதற்குத் தலைக்குள் ஒரு தனி உறுப்பு உண்டு, மேலே வந்து நேராகக் காற்றை எடுக்கும். அதனால் மூச்சுக்குச் சமாளிக்கும். அமோனியாவுக்கு அந்த உறுப்பு உதவாது. சாகாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை, இல்லையா?

15/ "மீனுக்கு வலி தெரியுமா?" 2003இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் உதட்டில் எரிச்சலூட்டும் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைக் கல்லில் தேய்த்தன, தீனியைத் தொடவில்லை. வலியை உணரும் நரம்புகளும் இருந்தன. விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் வாய் பேச முடியாத நோயாளிக்கு வலி இல்லை என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார்.

16/ சட்டமும் உண்டு. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதன் தவிர்த்த எல்லா உயிரும் விலங்குதான். அசைய நியாயமான இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பது குற்றம். 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைப்பதை அது தடுத்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ரோம் நகரில் 2005இலேயே அந்த வட்டக் கிண்ணத்துக்குத் தடை. இங்கே இப்போதைக்கு எண்ணிக்கையை முடிவு செய்வது நீங்கள்தான்.

17/ ஏற்கெனவே மீன் கூடிப்போச்சா? பெரிய தொட்டி வாங்குங்க, இல்லன்னா வளர்க்கத் தெரிஞ்சவங்களுக்குக் கொடுங்க. கோதையாற்றிலோ குளத்திலோ விட்டுடாதீங்க. சக்கர் மீன் நம்ம நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரை அப்படியே ஊற்றாதீங்க.

18/ கரண்ட் போனா தீனி போடாதீங்க. ஒரு கப்பால் தண்ணீரை மொண்டு கொஞ்சம் உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றுங்க, அடிக்கடி. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைக்காதீங்க. வார்டில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குபவரிடம் யாரும் இட்லி நீட்ட மாட்டோம். அதுக்கு வேண்டியது காத்து.