பின்காற்றுக்கு ஒரு கடைத்தெரு

ஒரு சமுத்திரத்தைத் தாண்டத் தேவையான அத்தனையும் ஒரே ஊரில் வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நவம்பர் மாதத்து லாஸ் பால்மாஸைப் பார்த்த பிறகு நம்புகிறேன். கிரான் கனாரியா தீவின் துறைமுக நகரம் அது. தீவு ஸ்பெயினுடையது, கிட்டே இருப்பதோ ஆப்பிரிக்கக் கரை. 1986 முதல் ஆண்டுதோறும் பாய்மரப் படகுகள் அணியாகக் கிளம்பி அட்லாண்டிக்கைக் கடப்பது இங்கிருந்துதான். இப்போது அவை போய்ச்சேரும் இடம் கரீபியனின் செயின்ட் லூசியா, சுமார் 2,700 கடல் மைல். நேராகப் போனால் ஏறக்குறைய மூன்று வாரம், வழியில் கரையே கிடையாது.

நான் ஏறப்போவது 12 மீட்டர் நீளப் படகு. அதன் கேப்டனோடு படகுச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கயிற்றுச் சுருள்கள், அளவுவாரியாக அடுக்கிய ஷேக்கிள் வளையங்கள், கப்பிகள், நங்கூரச் சங்கிலிகள். செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக்குரல் அனுப்பும் ஈபர்ப் கருவியும் இருந்தது.

கேப்டன் முதலில் எடுத்தது கூம்பாகக் கடைந்த மரத்தக்கைகளை. மென்மையான மரம், நகம் வைத்தால் பதிகிறது. படகின் அடியில் கடல்நீர் வந்துபோகும் ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு வால்வு உண்டு. அது உடைந்தால் தக்கையை அடித்து இறுக்க வேண்டும். நீரில் ஊறி உப்பி அது துவாரத்தைக் கவ்விக்கொள்ளும். அன்று மாலையே ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதற்குப் பொருந்தும் தக்கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

அடுத்து வாங்கியது, முன்பாயை ஒரு பக்கமாக விரித்துப் பிடிக்கும் நீண்ட கம்பு. இந்தக் கடலில் வணிகக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். மேற்கே போகிற படகுக்கு அது பின்காற்று. படகு அலையில் உருளும்போதெல்லாம் பாய் சுருங்கிச் சுருங்கிப் படபடக்கும். கம்பு இருந்தால் விரிந்தபடியே நிற்கும். இரவு பகலாக உரசும் கயிறு எங்கே தேயும் என்று பார்த்துப் பார்த்து, அங்கெல்லாம் சுற்றத் தோலும் வாங்கினோம்.

1492-இல் இதே கடலைத் தாண்டக் கிளம்பிய கொலம்பஸின் பிண்டா கப்பலுக்கு வழியிலேயே சுக்கான் பழுதானது. கிரான் கனாரியாவில்தான் சரிசெய்தார்கள். அவருடைய இன்னொரு கப்பலான நின்யாவின் முக்கோணப் பாய்களைக் கழற்றிவிட்டுச் சதுரப் பாய்கள் கட்டியதும் இங்கேதான். பின்காற்றுக்குச் சதுரப் பாயே தோது. அன்று பாய் மாற்றியவர்களும் இன்று கம்பு வாங்கும் நாங்களும் ஒரே காற்றுக்குத்தான் கணக்குப் போடுகிறோம் என்று எண்ணியபோது உடம்பு சிலிர்த்தது.

காய்கறிச் சந்தையிலும் கடலின் சட்டம்தான். குளிர்சாதனத்தில் வைத்து வெளியே எடுத்த காய் சீக்கிரம் அழுகும் என்று, அதில் வைக்காத, கழுவாத காய்களாகக் கேட்டு வாங்கினோம். பச்சை வாழைத்தாரைப் படகின் பின்பக்கம் கட்டினோம். அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே விட்டோம். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கலாம்.

எந்தச் சாமான் எந்த அறையில் என்று கேப்டன் நோட்டில் குறித்தார். “எங்கே இருக்கிறது என்று தெரியாத சாமான், வாங்காத சாமான்தான்” என்றார். நடுக்கடலில் போகிறவர்களின் துணிச்சலை அதுவரை தூர நின்றே வியந்திருந்தேன். தக்கையும் தோலும் நோட்டுமாக அது கரையிலேயே சேர்த்து வைக்கப்படுவதை லாஸ் பால்மாஸில்தான் கண்ணாரக் கண்டேன்.