அம்மா இருக்கும்போதே எடுக்க வேண்டும்

20 செப்டம்பர் 2025, சனி

புரட்டாசி முதல் சனி. விடியும் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரம் நிறைந்துவிட்டது. ராஜபாளையம் பக்கமிருந்தும் சிவகாசி பக்கமிருந்தும் வண்டி வண்டியாக வருகிறார்கள். திருப்பதிக்குப் போக முடியாதவர்களின் வேண்டுதலை இந்த மலைமேல் நிற்கும் சீனிவாசப் பெருமாள் ஏற்றுக்கொள்கிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

கூட்டம் ஓய்ந்த பிறகு மேலத்தெரு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய புகைப்படம். அவருடைய தம்பி. பல வருடங்களுக்கு முன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸில் புகார் கொடுத்து, பத்திரிகையில் படம் போட்டு, குறி கேட்டு, எல்லாம் பார்த்துவிட்டார்கள்.

"வக்கீலய்யா, அமெரிக்காவுல நாப்பது வருசத்துக் கொலையைச் சொந்தக்காரங்க எச்சிலை வச்சே கண்டுபிடிச்சுட்டாங்களாமே, மக போன்ல காட்டுனா. எந்தம்பியை அப்படித் தேட முடியாதா? உசுரோட இல்லைன்னாலும் சரி, எங்க கெடக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவருடைய அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படுத்த படுக்கை.

22 செப்டம்பர், திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு பார் அறையில் உட்கார்ந்து படித்தேன்.

அக்கா மகள் காட்டியது கலிபோர்னியா வழக்கு. 1970-களிலும் 80-களிலும் 13 கொலைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலியல் வன்கொடுமைகள். போலீஸ் கையில் குற்றவாளியின் மரபணு இருந்தது, பெயர் இல்லை. போலீஸ் சேமிப்பில் ஒருவருடைய மாதிரி இருந்தால்தான் அவரைப் பொருத்திப் பார்க்க முடியும். இவனுடைய மாதிரி அங்கே இல்லை. 2018-ல் துப்பறிவாளர் பால் ஹோல்ஸும் மரபுவழி ஆய்வாளர் பார்பரா ரே-வென்டரும் வேறு வழியில் போனார்கள். தங்கள் முன்னோரைத் தேடுவதற்காகப் பொதுமக்கள் தாங்களே மரபணுவைப் பதிவேற்றி வைத்திருக்கும் ஜெட்மேட்ச் போன்ற சேமிப்புகளில் இந்த மாதிரியைப் போட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை, தூரத்துச் சொந்தங்கள் கிடைத்தார்கள். அந்தச் சொந்தங்களுக்குப் பொதுவான பாட்டன் பூட்டன் யார் என்று மேலே ஏறி, அங்கிருந்து பிள்ளை பேரன் என்று ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கி, வயது, பாலினம், வசித்த ஊர் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நின்றவர் ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ, ஒரு முன்னாள் போலீஸ்காரர்.

ஆனால் அந்தக் குடும்ப மரத்தை வைத்துக் கைது செய்யவில்லை. அவருடைய கார் கதவுக் கைப்பிடியிலிருந்தும், குப்பையில் போட்ட காகிதத்திலிருந்தும் புதிதாக மாதிரி எடுத்து, குற்ற இடத்து மாதிரியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். அது பொருந்திய பிறகுதான் 2018 ஏப்ரல் 24 அன்று பிடித்தார்கள். 2020-ல் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரம் துப்பு, சாட்சி அல்ல. நம்பகத்தன்மை பற்றிய பேச்செல்லாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

25 செப்டம்பர், வியாழன்

அமெரிக்காவின் ஐடஹோ ஃபால்ஸ் வழக்கு தூங்கவிடவில்லை.

1996-ல் ஒரு இளம்பெண் கொலை. ஒருவரை மணிக்கணக்கில் விசாரித்து வாக்குமூலம் வாங்கி, மரபணு பொருந்தாத நிலையிலும் தண்டித்துவிட்டார்கள். 2014-ல் போலீஸ் பொதுச் சேமிப்பு ஒன்றில் ஒய் குரோமோசோமைத் தேடியது. 35 இடங்களில் 34 பொருந்திய ஒருவர் கிடைத்தார். அவருடைய மகன், நியூ ஆர்லியன்ஸில் திரைப்படம் எடுப்பவர், கொலைப் படமும் எடுத்திருக்கிறார், ஐடஹோ பக்கம் போய் வந்திருக்கிறார். எல்லாம் கூடி வந்ததுபோல் இருந்தது. விசாரித்து மாதிரி எடுத்தார்கள். பொருந்தவில்லை. அந்த முடிவு வருவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வருவது. எங்கள் ஊரில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளில் ஆண்கள் அத்தனை பேருக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து ஆளைச் சொல்ல முடியாது, பங்காளி வகையறாவைத்தான் சொல்லலாம். ஒருவன் செய்ததற்காகக் கோயில் வரி கட்டுகிறவர்கள் எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியுமா?

அதே வழக்கில் பிறகு முழு மரபணுத் தொகுதியை வைத்து மரபுவழித் தேடல் நடந்தது. 2019-ல் உண்மையான ஆள் பிடிபட்டான். இருபது வருடம் சிறையில் கழித்து 2017-ல் வெளியே வந்திருந்தவர் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். அவருக்காகப் போராடியவர்களில் கொலையுண்ட பெண்ணின் தாயும் ஒருவர். அந்த அம்மாவை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

27 செப்டம்பர், சனி

இரண்டாம் சனி. மொட்டை போடும் இடத்தில் முடி குவிந்து கிடந்தது.

முன்பெல்லாம் வேரில்லாத முடியிலிருந்து தாய்வழி மரபணுவை மட்டும்தான் எடுக்க முடியும் என்பார்கள். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் எட் கிரீன் என்பவர் பழங்கால எலும்புகளை ஆராயும் நுட்பத்தை முடிக்குக் கொண்டுவந்தார். நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் பீப்பாய்களில் கிடைத்த ஒரு பெண்ணுக்கும் இரண்டு சிறுமிகளுக்கும் 2019-ல் அப்படித்தான் பெயர் கிடைத்தது. 1985-லும் 2000-த்திலும் கண்டெடுத்த உடல்கள். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. தம்பி முடியைத் தேடி வீட்டைக் கிளற ஆரம்பித்துவிடுவார்.

28 செப்டம்பர், ஞாயிறு

நம் ஊரில் இப்படிக் குடும்ப மரம் எழுத முடியுமா என்று பார்க்க, இன்று முழுக்க மொய் நோட்டு. பெரியம்மா பரணிலிருந்து அப்பா கல்யாணத்து நோட்டையும், காதுகுத்து, சடங்கு, கருமாதி நோட்டுகளையும் இறக்கித் தந்தார். ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை. ஓரத்தில் "மாமன் வகை", "பெரிய வீட்டுப் பங்காளி" என்று குறிப்பு. அமெரிக்கர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கேடும் இரங்கல் செய்தியும் எப்படியோ, எங்களுக்கு இந்த நோட்டுகள் அப்படி. குடும்பப்பெயர் வழக்கமில்லாத தமிழ்நாட்டில், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில், இதைவிட்டால் பெரியவர்களின் ஞாபகம்தான் ஆவணம்.

எழுதிக்கொண்டே வந்தபோதுதான் எங்கே இடிக்கும் என்று தெரிந்தது.

மரபுவழித் தேடும் முறை இரண்டு பேருக்கு எவ்வளவு மரபணு பொது என்று அளந்து, அதிலிருந்து உறவைக் கணிக்கிறது. சென்டிமார்கன் என்று ஒரு அலகு. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் சராசரியாக 870 வாக்கில், மூன்றுவிட்ட சொந்தம் என்றால் 70 வாக்கில் என்று அட்டவணை இருக்கிறது. அது பெரும்பாலும் சொந்தத்துக்குள் கட்டாதவர்களின் குடும்பங்களை வைத்துப் போட்ட அட்டவணை. எங்கள் வீட்டிலேயே பெரியப்பா தன் தங்கையை ஒரு வீட்டில் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணையே எடுத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அப்பா வழியிலும் சொந்தம், அம்மா வழியிலும் சொந்தம். அவர்களுக்குள் பொதுவான மரபணு நாலில் ஒரு பங்கு. ஒரு தகப்பனுக்கு இரண்டு தாரத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கும் அதே அளவு. அட்டவணை இவர்களைப் பார்த்து "தகப்பன் ஒருவனே" என்று சொல்லலாம். போலீஸ் அதை நம்பிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

அக்கா மகளைக் கட்டியவர்கள் எங்கள் வகையறாவில் உண்டு. அத்தை மகள், மாமன் மகள் கணக்கே இல்லை. இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ராஜபாளையத்து ராஜுக்கள் சில நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வருகிறவர்கள்; கோத்திரம் பார்த்தாலும் கட்டுவது அந்தக் கூட்டத்துக்குள்தான். எங்கள் பகுதியில் எந்தச் சாதியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்களில், ஒரு சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகிய தடயம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அழுத்தமாக இருந்தது. அதாவது, சொந்தமே இல்லை என்று நினைக்கும் இரண்டு பேர்கூட ஒரே சாதிக்குள் தூரத்துச் சொந்தமாகத் தெரிவார்கள்.

இதோடு சேமிப்பில் நம் ஆட்களும் குறைவு. யானிவ் எர்லிக் குழு 2018-ல் கணக்கிட்டது: 12.8 லட்சம் பேர் கொண்ட ஒரு சேமிப்பில் ஐரோப்பிய வம்சாவளியினர் ஒருவரைத் தேடினால் ஏறக்குறைய 60 சதவீதம் தடவை மூன்றுவிட்ட சொந்தமாவது கிடைத்துவிடும். நமக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் ஆசைக்குத் துப்பி அனுப்பியதுதான் உண்டு. அவர்கள் துப்பும்போது ஊரில் இருக்கும் மாமனையும் மச்சானையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். யாரும் மாமனைக் கேட்பதில்லை.

நீண்ட துண்டுகளைப் பிரித்துப் பார்த்து, பழைய உறவுக் கல்யாணங்களால் வந்த குட்டித் துண்டுகளைத் தள்ளிவிட்டு, உள்ளூர் மொய் நோட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்தால் இங்கும் இது முடியும் என்றே நினைக்கிறேன். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி, காந்தி ஜெயந்தி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் நண்பர் வீட்டில் சாப்பாடு. ஹெயில்பிரான் கதையைச் சொன்னேன்.

2007-ல் ஜெர்மனியின் ஹெயில்பிரானில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே எடுத்த மரபணு, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய நாற்பது குற்ற இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணுடையது. மூன்று லட்சம் யூரோ வெகுமதி வைத்துத் தேடினார்கள். 2009-ல் தெரிந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட பெண்ணுடைய மரபணு. குச்சியில் கிருமி இல்லை, ஆள் தொட்ட தடம் இருந்தது.

நண்பர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாங்க ஸ்டெரிலைஸ் பண்றது கிருமி சாகத்தானே அண்ணாச்சி, தொட்டவன் அடையாளம் போறதுக்கு இல்லையே." அதேதான். பிறகு இதற்கென்றே 2016-ல் தனி ஐஎஸ்ஓ தரம் வந்தது.

5 அக்டோபர், ஞாயிறு

சுருளித் தீர்ப்பை மறுபடி படித்தேன். எங்களுக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கத்து வழக்கு. 2011-ல் தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. மரபணு அறிக்கை இருந்தது. ஆனால் மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, இடையில் எங்கே இருந்தது, ஆய்வகத்துக்குப் போக ஏன் தாமதம் என்பதற்குச் சரியான பதில் இல்லை.

அதனால் நாடு முழுவதற்கும் நெறிமுறை போட்டார்கள். பொட்டலத்தில் வழக்கு எண், காவல் நிலையம், அதிகாரி விவரம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிரிக்கக்கூடாது. கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் பதிவேடு வேண்டும்.

மரபணு அறிவியல் நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. சிசிஎம்பியின் லால்ஜி சிங் 1980-களின் இறுதியிலேயே கேரளத்தில் ஒரு தந்தைமை வழக்கில் சாட்சி சொன்னவர். விராலிமலைப் பக்கத்துப் பிரேமானந்தா ஆசிரம வழக்கில் கருவின் மரபணு முக்கியச் சான்றானது. 1997-ல் புதுக்கோட்டையில் தண்டனை. அறிவியல் வந்து முப்பது வருடம் கழித்தும், பொட்டலத்துக்கு எண் போடச் சொல்லி உச்ச நீதிமன்றம் எழுத வேண்டியிருக்கிறது. கொல்லப்பட்ட அந்த இரண்டு பேரின் பெற்றோருக்கு இன்று ஒன்றுமே இல்லை. படித்துவிட்டு வெகுநேரம் கோபமாக இருந்தேன்.

8 அக்டோபர், புதன்

அக்காவிடம் பதில் சொல்லப் போனேன்.

அமெரிக்க முறை உங்களுக்குத் தேவையில்லை அக்கா, பெற்ற தாய் இருக்கிறார் என்றேன். முகம் தெரியாத கொலைகாரனைத்தான் தூரத்துச் சொந்தம் வழியாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். காணாமல் போனவருக்கு அம்மாவின் சில சொட்டு ரத்தம் போதும். எந்த ஊரிலாவது அடையாளம் தெரியாமல் புதைத்த உடலிலிருந்து பல்லோ எலும்போ எடுத்து வைத்திருந்தால் நேராக ஒப்பிடலாம். அக்காவின் ரத்தமும் உதவும். தாய்வழி மரபணு அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றே. ஆனால் தாய் அளவுக்கு உறுதி சொல்லாது. ஆகவே அம்மா இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

"எடுத்து எங்க கொண்டுபோய்க் குடுக்கணும்?"

அதற்குத்தான் பதில் இல்லை. அடையாளம் தெரியாத உடல்களுக்கு மரபணுப் பதிவு வேண்டும் என்று லோக்நீதி என்ற அமைப்பு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் கொண்டுவருகிறோம் என்று 2018-ல் மத்திய அரசு சொன்னதும் வழக்கு முடிந்தது. 2019 ஜூலையில் மக்களவையில் வைத்த மசோதாவில் காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத இறந்தவர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் இருந்தது. அதே மசோதாவில் சந்தேக நபர்களுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் பட்டியல் இருந்ததால் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது, நானும் எதிர்த்தேன். 2023-ல் மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சந்தேகப் பட்டியலோடு காணாமல் போனவர் பட்டியலும் போய்விட்டது. தேடுகிற குடும்பம் தானாக முன்வந்து கொடுக்கும் ரத்தத்தை ஒரு தனிச் சட்டத்தில் வைத்து, வேறெதற்கும் தொடக்கூடாது என்று எழுத என்ன தடை? வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி வழக்கில் போலீஸ் ரத்தம் கேட்டபோது சிலர் மறுத்தது சந்தேகத்தின் பேரில் கேட்டதால். இந்த அம்மா தன் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

11 அக்டோபர், சனி

நாலாம் சனி. மலைக்குப் போகவில்லை, மனு எழுதினேன்.

மதுரைக் கிளைக்கு ரிட். தாயின் மாதிரியை அரசு மருத்துவர் வீட்டுக்கே வந்து எடுக்க வேண்டும். அந்த வருடங்களில் திருப்பூர், கோவை, ஈரோடு மாவட்டங்களில் பதிவான அடையாளம் தெரியாத ஆண் உடல்களில், பாதுகாத்து வைத்த பாகம் இருப்பவற்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும். குற்ற வழக்கு எதிலும் இந்த மாதிரியைப் பயன்படுத்தக்கூடாது. ஒப்பிட்டு முடித்ததும் பொருத்தம் இல்லையென்றால், குடும்பம் எழுதிக் கொடுத்தால் தவிர அழித்துவிட வேண்டும். சுருளித் தீர்ப்பின் பதிவேட்டு விதி இதற்கும் பொருந்தும் என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

ஜூனியர், "சார், பாகம் எதுவும் பாதுகாக்கலைன்னு பதில் மனு போட்டா?" என்று கேட்டான். அப்படிப் போட்டால் எத்தனை உடல்களுக்குப் பாதுகாக்கவில்லை என்று மாவட்டவாரியாகக் கேட்போம். அந்தக் கோரிக்கையையும் ஐந்தாவதாக எழுதிவிட்டேன்.

அக்கா மாலையில் வந்து அம்மாவின் கைரேகையைப் பதித்த வக்காலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மதுரை.