30 பானையும் 10 அடுப்பும்

இது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கான பதிவு. சமைக்கத் தெரிந்த மற்றவர்களுக்கும் புரியும்.

தமிழ்வழியில் என்னிடம் படித்த தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். வேலை நேர்காணலில் "திரெட் பூல் என்றால் என்ன?" என்று கேட்டார்களாம். "தினமும் அதைத்தான் டீச்சர் செய்கிறேன். ஆனா வாயைத் திறந்தா வார்த்தை வரலை" என்றான். தாய்மொழியில் தெளிவாகிவிட்டால் எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். அவனிடமே கேட்டு, என் மகனிடமும் சரிபார்த்து எழுதுகிறேன்.

ஒரு செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டித் தனியே ஓடவிடுவது கன்டெய்னர். 2013-இல் வந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. ஒரு கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால், டாக்கர் முதலில் "முடித்துக்கொள்" என்று சமிக்ஞை அனுப்பும். வழக்கமாக 10 விநாடி பொறுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கட்டாயமாக நிறுத்தும். அப்படி அடம்பிடிக்கும் 30 கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினால் 300 விநாடி, அதாவது 5 நிமிடம். அதில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு.

சோறு வேகும்வரை அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டா நிற்கிறோம்? அடுத்த அடுப்பில் பருப்பை வைக்கிறோம். 10 அடுப்பு இருந்தால் 30 பானையும் மூன்று சுற்றில் முடியும். 5 நிமிட வேலை அரை நிமிடத்துக்கு வந்துவிடும். அந்த 10 அடுப்புதான் திரெட் பூல். எது காலியாகிறதோ அதில் அடுத்த பானை ஏறும்.

வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்டும். ஆனால் ஒன்று பதிலுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று ஓடலாம். அதனால் திரெட் பூல் மிச்சப்படுத்துவது காத்திருப்பைத்தான். கடினமான கணக்கை வேகமாக்காது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வரிசை. தரவுத்தளம் எழுந்த பிறகே அதை நம்பியிருக்கும் செயலி எழ வேண்டும். இது பூலுக்குத் தெரியாது. நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். பைத்தானில் வேலையை ஒப்படைத்ததும் 'ஃபியூச்சர்' என்று ஒரு சீட்டு கிடைக்கும். வேலை கெட்டால் பிழை அந்தச் சீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் இருக்கும். 'ரிசல்ட்' என்று நாம் கேட்டால்தான் வெளியே வரும். கேட்காமல் விட்டால் 29 நின்று ஒன்று நிற்காமல் போனாலும், எல்லாம் முடிந்தது என்றே நினைத்துக்கொள்வோம்.

சுற்றுலா போனால் பஸ் கிளம்பும் முன் ஒவ்வொரு பெயராக அழைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? "எல்லாரும் வந்தாச்சா?" என்று பொதுவாகக் கேட்டால், வராத பிள்ளையா "வரலை" என்று சொல்லும்?

வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிப் பதில் கேளுங்கள். நன்றாக இருங்கள், கண்ணுகளா.