ஓரத்துப் புல்

"செத்த எடத்தைப் பாத்து என்னா தெரியப் போவுது தம்பி? ஓரத்தைப் பாருங்க. சாவலாமா பொழைக்கலாமான்னு நிக்குது பாருங்க, அந்தப் புல்லுதான் சேதி சொல்லும்."

ஆவணி மாதம். இன்னும் ஆறு மணி ஆகவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, புதிதாக வீடுகள் எழும்பியிருக்கும் ஒரு மனைப்பிரிவில் என் நண்பரின் வீடு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே அறுநூறு சதுர அடியில் கொரியன் புல் போட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்திருந்தார். ஆடி பிறந்ததிலிருந்து அதில் மூன்று இடங்களில் வைக்கோல் நிறத்தில் மொட்டை விழுந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டார். அடுத்து யூரியா தூவினார். அதற்கும் அடுத்து, கடையில் கொடுத்த பூஞ்சை மருந்தை அடித்தார். மொட்டை அகன்றுகொண்டே போனது.

தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவரையும், அவருடன் களையெடுக்க வரும் அக்காவையும் பற்றி எழுதவேண்டும் என்று நான் வெகுநாளாக நினைத்திருந்தேன். அவர்களை நண்பர் வரச் சொன்னதும் நானும் போய்விட்டேன். ஓரத்தைப் பார்க்கச் சொன்னவரும், பனி உலர்வதற்குள் பார்க்கவேண்டும் என்று நேரம் குறித்தவரும் பெரியவர்தான். காரணம் சிறிது நேரத்தில் விளங்கியது.

குழாயடியில் இருந்த திட்டை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அக்கா. வட்டத்தின் விளிம்பில், புகை படிந்ததுபோல் ஒரு கருஞ்சாம்பல் கோடு. குனிந்து, கிட்டத்தில் பார்த்தால் பனித்துளிகளுக்கு இடையே சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள். எட்டு மணி வெயிலில் இரண்டும் மறைந்துவிடும். "நெல்லுல தண்டுகிட்ட வருமே, அந்த நோவு மாதிரிதான்" என்றார் அக்கா.

அவர் சொன்னது சரி. ரைசாக்டோனியா சொலானி என்ற பூஞ்சைதான் நெல்லில் இலையுறை கருகல் நோயை உண்டாக்குகிறது. புல்வெளியில் பழுப்புத் திட்டு விழவும் அதே இனத்துப் பூஞ்சை காரணமாகிறது. அமெரிக்காவில் இந்தப் பழுப்புத் திட்டு 1914இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது பிலடெல்பியாவில், பிரெடரிக் டெய்லர் என்பவரின் புல் தோட்டத்தில். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, 'அறிவியல் மேலாண்மை' என்ற முறையை வகுத்தவர் அந்த டெய்லர். கடைசிக் காலத்தில் புல் வளர்ப்பு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். வல்லக்கோட்டை வட்டாரத்துக்கும் தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் ஆலை வந்தது. வல்லம் வடகாலில் 2017இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. இந்த வட்டாரத்தின் ஷிப்டு கணக்குகளிலெல்லாம் டெய்லரின் நிழல் விழுந்திருக்கிறது. அவர் தோட்டத்துப் புல்லில் விழுந்த நோயை, வயலில் நாற்று நட்டு வளர்ந்த ஒரு பெண் வல்லக்கோட்டையில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்கிறார். நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் தண்ணி வுடாதீங்க. ராவெல்லாம் புல்லு நனைஞ்சே கெடக்குது. யூரியாவையும் நிறுத்துங்க" என்றார் பெரியவர். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. அது தரும் இளந்தழையும் விடிய விடிய நிற்கும் ஈரமும் இந்தப் பூஞ்சைக்கு விருந்து. நண்பர் புல்லைக் காப்பாற்றச் செய்த இரண்டும் நோயைத்தான் ஊட்டியிருக்கின்றன.

கேட்டருகே இருந்த மொட்டையில் அதிக நேரம் செல்லவில்லை. கூர்தீட்டிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினார் பெரியவர். மற்ற இடங்களில் முழங்கை நீளம் இறங்கிய கம்பி, இங்கே மூன்று விரற்கடையில் 'டக்' என்று நின்றது. தோண்டினால், வீடு கட்டும்போது கலவை போட்ட இடம். இறுகிய சிமென்ட் பாளம், உடைந்த டைல்ஸ், ஒரு சிமென்ட் சாக்கு. எல்லாவற்றையும் மேலே செம்மண் தூவி மூடி, அதன்மேல் புல்லை விரித்துவிட்டார்கள். வேர் இறங்க இடமில்லை. சிமென்டின் காரம் வேறு. ஓரடி ஆழத்துக்கு வாரிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினால் போதும் என்றார். புதுமனைகளில் பெரும்பாலும் இதுதான் கதையாம்.

மூன்றாவது திட்டு, வேப்பமரத்துக்கும் போர்டிகோ விளக்குக்கும் இடையில். இருந்ததிலேயே பெரியது. பெரியவர் குந்தி உட்கார்ந்து, ஓரத்துப் புல்லைக் கைப்பிடியளவு பிடித்து மெல்ல இழுத்தார். பாயைச் சுருட்டுவதுபோல் உரிந்து வந்தது. அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. களைக்கொத்தால் மண்ணைக் கிளறினார் அக்கா. பிறைபோல் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள், செம்பழுப்புத் தலை, சுண்டுவிரல் பருமன். ஒரு சதுர அடியில் பதினொன்று எண்ணினோம். பத்தைத் தாண்டினால் பெரும்பாலான புல்வெளிகள் தாங்காது.

"வேர்ப்புழு. வேர்க்கடலைல பாத்தே கண்ணு பூத்துப்போச்சு."

குத்தகை நிலத்தில் இருபது வருடம் வேர்க்கடலை போட்டவர் பெரியவர். அந்த நிலம் மனையானது. பிறகு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து தொழிற்சாலைத் தோட்டங்களில் புல் வெட்டினார். இப்போது வீடு வீடாகப் போகிறார். பயிர் மாறியிருக்கிறது, மண்ணும் புழுவும் அப்படியேதான் இருக்கின்றன. கோடையின் முதல் நல்ல மழை பெய்ததும் பழுப்பு வண்டுகள் மண்ணைப் பிளந்து வெளியே வரும். இருட்டியதும் வேம்பிலும் முருங்கையிலும் மொய்த்து இலை தின்னும். விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்க, இந்த வாசல் மட்டும் இருவேளைத் தண்ணீரில் குளிர்ந்து கிடந்தால் வண்டு எங்கே இறங்கும்? பக்கத்திலேயே வேப்பமரம். இரவெல்லாம் எரியும் விளக்கு. பொரித்த புழு வளர்ந்து, ஆடி ஆவணியில் வேரை வாரித் தின்னும். அதுவரை மேலே பச்சை குறையாது. கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

"குருணை மருந்து வாங்கியாரட்டுமாண்ணே?" என்று கேட்டார் நண்பர். பெரியவர் முகம் மாறியது.

கடலைக்காட்டில் போரேட் குருணையை வெறுங்கையால் தூவியவர் அவர். ஒருமுறை மயங்கி விழுந்து, வாயில் நுரை தள்ளி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்த மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. தடை வருவதற்கு வெகுமுன்பே அவர் அதைத் தொடுவதை விட்டுவிட்டார். "இந்தப் புல்லுல கொழந்த உருளுது. நான் வெறுங்கையோட களை புடுங்கறேன். எதுக்கு நமக்கு?" என்றார் அக்கா.

அதனால் கையால் பொறுக்கினார்கள். உரிந்த புல்லை விலக்கி, நாலு விரற்கடை ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் புரட்டியதும் இரண்டு மைனாக்கள் வந்து சேர்ந்தன. மீதிக்கு மெட்டாரைசியம் என்ற, பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சையை எருவில் கலந்து போடலாம் என்று நான் சொன்னபோது, பெரியவர் அதன் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைகளில் அதுவும் ஒன்று.

ஒன்பதரைக்கு வேலை முடிந்தது. அக்கா எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கோரைக்கிழங்கை ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கும் வேலை அவருடையது, மற்ற நாட்களில் குந்தியபடியே நாலு மணி நேரம். வெட்டிய சதுர அடிக்குத்தான் வழக்கமாகக் கூலி. பார்த்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் நண்பர் இரண்டு மாதம் யூரியாவுக்கும் மருந்துக்கும் செலவழித்திருந்தார். அது அநியாயம் என்று எனக்குத் தோன்றியதை நண்பரிடம் சொன்னேன். அவர் அன்று பார்த்த நேரத்துக்கும் சேர்த்தே கொடுத்தார்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னது: "வைகாசில மொத மழ பேஞ்சா, அன்னிக்கு ராத்திரி போர்டிகோ லைட்டை அணைச்சிடுங்க. வேப்பமரத்தடியில ஒரு துணிய விரிச்சிட்டு, ஏழரை மணிக்கு மரத்த உலுக்குங்க. வுழற வண்டையெல்லாம் சோப்புத் தண்ணில போட்டுடுங்க. மூணு நாள் செய்ங்க."

உங்கள் வாசல் புல்லிலும் இப்படி மொட்டை விழுந்தால், கடைக்குப் போகுமுன் மண் தெரிந்த ஒருவரை விடியற்காலையில் அழைத்துக் காட்டுங்கள். அவர் பார்க்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். ஒரு ஜோடி கையுறை வாங்கி வையுங்கள்.