கோயில் என்றால் எந்தக் கோயில்?

பழைய வைணவர் "கோயில்" என்று மட்டும் சொன்னால் திருவரங்கம். சைவர் சொன்னால் சிதம்பரம். எங்கள் காஞ்சி வரதர் சன்னதிக்கு "பெருமாள் கோயில்" என்று பெயர். சொல் ஒன்றுதான், பொருள் சொல்பவரைப் பொறுத்தது. இதே குழப்பத்தில் இந்த வயதில் நான் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நெசவாளர். கூலியையும் முன்பணத்தையும் நோட்டில் எழுதுவார். ஒருமுறை கூட்டல் தகராறில் மனம் நொந்துபோனார். "நான் ஒன்று செய்து தருகிறேன்" என்று ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு கணக்குப் பக்கம் எழுதினேன். பட்டனை அழுத்தினால் கூலி மொத்தத்தோடு சேர வேண்டும். அவர் அழுத்தினார். தொகைக்குப் பதிலாக 'எண் அல்ல' என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன.

"பரவால்ல சார், நோட்டே இருக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இரவு மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, விஎஸ் கோட்ல ஃபைலோட முதல் வரியில டிஎஸ்-செக்னு குறிப்பு போடுங்க" என்றாள். போட்டேன். நான் 'திஸ்' எழுதி அதையடுத்து எழுதியிருந்த 'மொத்தம்' என்ற சொல்லின் கீழே சிவப்பாக ஒரு நெளிகோடு. பட்டனிடம் 'மொத்தம்' என்று எதுவும் கிடையாது என்றது செய்தி.

'திஸ்' என்றால் 'இது'. நான் நினைத்தது கணக்கை. ஆனால் சாதாரண ஃபங்ஷனைப் பட்டன் கூப்பிட்டால், 'இது' பட்டனாகிவிடுகிறது. இல்லாத மொத்தத்தோடு கூலியைக் கூட்டினால் எண் எப்படி வரும்? 2015இல் மொழியில் சேர்ந்த அம்புக்குறி ஃபங்ஷனில், எழுதிய இடத்தில் 'திஸ்' எதைக் குறித்ததோ, அதுவே நிலைக்கும். மாற்றினேன், சிவப்பு மறைந்தது, தொகை சரியாக வந்தது.

இந்தச் சோதனையைச் செய்வது, மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட். அது எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஃபங்ஷனைத் தனியாக எழுதி, பெயரை மட்டும் பட்டனிடம் கொடுத்தால் பேசாமல் இருந்துவிடலாம். 'திஸ்' யாரைக் குறிக்கிறது என்று நாமே மேலே ஒரு குறிப்பு எழுதிவைத்தால் அதையும் பிடிக்கும்.

மறுநாள் நெசவாளரிடம் பழைய பிழையையும் சிவப்புக் கோட்டையும் காட்டினேன். "தறியில இழை அறுந்தா அப்பவே முடிச்சுப் போடணும் சார். புடவையை மடிச்ச பிறகு தெரிஞ்சு என்ன பண்றது?" என்றார்.

இப்போது கணக்கைக் கம்ப்யூட்டரிலும் பதிகிறார். நோட்டையும் விடவில்லை. மாதக் கடைசியில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கிறோம்.