'இல்லை' என்று சொல்லும் கடை

கடலூர்வாசிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி; தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால் சிதம்பரம். வடக்கே பிரெஞ்சு போஜனம். தெற்கே கத்தரிக்காய்க் கொத்சு. நாக்கு ருசியைத் தேடிப் புறப்படும் நாட்களில் நான் தெற்கேதான் பிரயாணம் செய்வது வழக்கம்.

இதைக் கொண்டு என்னைப் பிரெஞ்சுக்காரரின் விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். 1758-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். பிடித்தவனும் போனான், இழந்தவனும் போனான், கொத்சு மட்டும் இருக்கிறது!

பாரிஸ் நகரத்தில் 'பிஸ்த்ரோ' என்று சிறு போஜனசாலைகள் உண்டு. அக்கம்பக்கத்தார் வழக்கமாக வந்து சாப்பிடும் இடங்கள். அன்றன்று செய்த பதார்த்தங்களைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பது அங்கே பழக்கம். எங்கள் சிதம்பரத்திலும் அப்படி ஒரு கடை, கீழ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகி விடும். ஆறு மேஜை, ஒரு கல்லாப் பெட்டி, சுவரில் ஒரு கரும்பலகை, அவ்வளவுதான்.

1929-ல் ஸ்தாபிக்கப்பட்ட அண்ணாமலை சர்வகலாசாலையில் நான் படித்த காலத்திலேயே அந்தக் கடை எனக்குப் பழக்கம். கொத்சு என்பது நடராஜப் பெருமானுக்குச் சம்பா சாதத்துடன் நைவேத்தியமாகும் பண்டம். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கிப் புளிக்கரைசலில் வேகவிட்டு மசித்து, வறுத்து இடித்த மல்லி, மிளகாய்ப் பொடியைத் தூவி இறக்குவார்கள். கடைகளில் அதுவே இட்டிலிக்குத் துணை. செய்முறை இரகசியமல்ல, காய் நன்றாயிருக்க வேண்டும் என்பதுதான் இரகசியம்.

2015 நவம்பரில் பெய்த பெருமழையில் கடலூர் ஜில்லாவின் வயல்கள் மூழ்கின. சில வாரம் கழித்து நான் அந்தக் கடைக்குப் போனபோது, கரும்பலகையில் "இன்று கொத்சு இல்லை" என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"பக்கத்துக் கடைகளில் எல்லாம் இருக்கிறதே, ஐயா!" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "பூசணிக்காயைக் கலந்து மசித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது, தம்பி. பத்தாவது ஆள் நான் ஒருத்தன் இருக்கிறேனே!"

அந்தப் பெரியவர் காலமானார் என்ற செய்தி சென்ற வருஷம் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. நம்பிக்கையான ஒரு கடையை இழப்பது சிறு விஷயமல்ல. நாம் மாறிக்கொண்டே போகிறோம்; மாறாத ஓரிடம் எங்கேயோ இருக்கிறது என்பது ஒரு தைரியம். அது போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

போன மாதம் துணிந்து புறப்பட்டேன். சந்துக்குள் திரும்பியதும் 'திக்' என்றது. சுவருக்குப் புது வர்ணம், புது விளக்குகள், கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுவதற்குக் கல்லாவின் மேல் ஒரு கட்டம் போட்ட அட்டை. கல்லாவில் மகன் உட்கார்ந்திருந்தார். 'எல்லாம் முடிந்தது' என்று நினைத்துக்கொண்டே கரும்பலகையைப் பார்த்தேன்.

"இன்று கொத்சு இல்லை."

"காய் முற்றல், சார். விதை கசக்கும். கொத்சுக்கு ஆகாது" என்றார் மகன்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்தவனுக்கு வயிற்றில் ஏமாற்றம். மனத்திலோ சொல்ல முடியாத ஆனந்தம். பெரியவர் எங்கும் போய்விடவில்லை. தேங்காய்ச் சட்னியோடு நாலு இட்டிலி சாப்பிட்டு, ஒரு காப்பியும் குடித்துவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு யோசனை உறுத்தியது. நானும் இருபது வருஷமாய்க் கரும்பலகையில் எழுதிப் பிழைக்கிறவன். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தெரியாத நாட்களில், பூசணிக்காயைக் கலக்காமல், "இன்று இல்லை, நாளைக்குப் பார்த்து வந்து சொல்கிறேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? கணக்குப் பார்க்க வெட்கமாயிருந்தது.

அடுத்த மாதமும் சிதம்பரம் போவேன். கொத்சு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.